அரக்கனுக்குப் பதில் சொல்லக் கூடாது

எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கூத்தில் அரக்கன் வேஷம் கட்டுகிறவர் வாயைத் திறந்தால் அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அடுப்புச் சாம்பலையும் தேத்தண்ணிச் சக்கையையும் சேர்த்து ஒரு சிரட்டையில் வைத்திருப்பார்கள். அதை அவர் காலடியில் வீசிவிட்டு, "ராசா வருவாரு, ஒன்னயக் கொல்லுவாரு" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். வேறு பேச்சுக் கொடுக்கக் கூடாது. அவர் தண்ணீர் கேட்டாலும் இதுதான், நேரம் என்ன என்று கேட்டாலும் இதுதான். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய நேரத்திலிருந்து, கடைசி நாள் விடியற்காலையில் ராசா அரக்கனைக் கொன்று, பூசாரி அவர் கையிலிருக்கும் மஞ்சள் கயிற்றை அவிழ்த்து ஆற்றில் விடும்வரை, அந்த மனிதர் பேசுவதெல்லாம் அரக்கன் பேசுவதாகத்தான் கணக்கு. அதுவரை அவர் தன் வீட்டுக்குப் போகக் கூடாது. கோயில் கொட்டகையில்தான் படுக்கை.

அந்த மனிதர் என் பெரியப்பா, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். பள்ளத்தில் இருந்த வரிசை வீடுகளான பணிய லயத்தின் கடைசிக் காம்பராவில், ஓர் அறையில், தனியாக இருந்தார். பெரியம்மா தலைப்பிரசவத்தில் போய்விட்ட பிறகு வேறு கல்யாணம் என்ற பேச்சையே அவர் எடுக்க விடவில்லை. கறுத்த, உயரமான ஆள். முன்பல் ஒன்று உடைந்திருக்கும். இந்த மலையில் நின்று கூப்பிட்டால் அடுத்த மலையில் கொழுந்து எடுப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். சம்பளத்தன்று குடிப்பார், குடித்தால் துரையிலிருந்து தொடங்கி ஒருவர் விடாமல் வைவார். இத்தனை தகுதியும் உள்ளவருக்கு அரக்கன் வேஷத்தை விட்டால் வேறு எதைக் கொடுப்பது? வருஷத்தின் மற்ற நாட்களில் அவர் தோளில் உட்கார்ந்துதான் நான், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவுக்குப் போய் வளர்ந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் மடியில் கொய்யாக்காயைக் கட்டிக்கொண்டு எங்களுக்காக நிற்பார். என் அக்காவை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆத்தா என்பார்.

ராசா வேஷம் என் மாமாவுக்கு. அம்மாவின் தம்பி. கொழும்பில் வேலை. திருவிழாவுக்கு மட்டும் இஸ்திரி போட்ட சட்டையும் பிஸ்கட் பெட்டியுமாக வந்து இறங்குவார். சிவந்த ஆள், மெல்லிய குரல். கோபம் வந்தால்கூடச் சிரித்துக்கொண்டுதான் பேசுவார். வெள்ளித்தாள் ஒட்டிய கிரீடத்தை வைத்துக்கொண்டு, தப்பு முழங்க, பொழுது சாயும் நேரத்தில் லயம் லயமாக வருவார். பெண்கள் வாசலில் நின்று ஆரத்தி எடுப்பார்கள். காலையில் அரக்கன் கேட்டதைக் கொடுக்கக் கூடாது என்பது எவ்வளவு கண்டிப்போ, மாலையில் ராசா கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது என்பதும் அவ்வளவு கண்டிப்பு. அதனாலேயே ராசா பெரிதாக எதையும் கேட்பதில்லை. ஒரு வாய் தண்ணீர் கேட்பார், இல்லாவிட்டால் தலையில் வைத்திருக்கும் பூவைக் கேட்பார். வாங்கிக்கொண்டு, வாழ்த்திவிட்டு அடுத்த வாசலுக்குப் போவார்.

கதை மிகவும் சுலபமானது. மலை உச்சியில் இருக்கிற அரக்கன் இறங்கி வந்து வீடு வீடாகப் பெண்பிள்ளை கேட்கிறான். ராசா வந்து அவனைக் கொல்கிறார். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் சட்டிபானையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்த கதை என்பார்கள். நான் இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறேன். பழங்கதைகளில் நன்மைக்கும் தீமைக்கும் நடக்கும் போராட்டத்தை விளக்குக என்று ஒரு கேள்வி எப்படியும் வந்துவிடும். பிள்ளைகளும் அழகாக எழுதிவிடுவார்கள். எழுதுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. பழங்கதையில் கெட்டவன் வரும்போதே சத்தமாகச் சிரித்துக்கொண்டு வருவான். முகத்தில் கரி பூசியிருக்கும். தன்னைப் பற்றித் தானே எல்லாவற்றையும் சொல்லிவிடுவான். யார் யார் என்று தெரிந்துவிட்டால் கேட்கிறவர்கள் காலை நீட்டிக்கொண்டு நிம்மதியாக உட்காரலாம். எட்டு வயதில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருஷம் அப்பா தேயிலைச் செடிகளைக் கழித்துக் கவ்வாத்து வெட்டும்போது சரிவில் உருண்டு இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து உள்காம்பராவில் படுக்க வைத்தார்கள். அதன்பிறகு அவர் எழுந்து நடந்து நான் பார்த்தது கம்பை ஊன்றித்தான். அம்மா ஒருத்தி எடுக்கிற கொழுந்தில் நான்கு வயிறு. அக்காவுக்குப் பதின்மூன்று வயது. படிப்பில் கெட்டிக்காரி, கணக்கில் முதலாவதாக வருவாள். அப்பா விழுந்த மாதத்தோடு அவள் பள்ளிக்கூடம் போவது நின்றது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று அம்மா சொன்னாள். அக்கா புத்தகங்களைச் சாக்கில் சுற்றி மச்சில் போட்டாள்.

காப்புக் கட்டிய மறுநாள் மாமா வந்தார். இந்தத் தடவை பிஸ்கட்டோடு ஒரு செய்தியும் கொண்டுவந்தார். கொழும்பில் நல்ல குடும்பம் ஒன்று இருக்கிறதாம். சீசனுக்கு நுவரெலியாவில் வந்து தங்கியிருக்கிறார்களாம். வீட்டோடு இருக்க ஒரு பெண்பிள்ளை தேடுகிறார்களாம். நம் பிள்ளையென்றால் மூன்று வேளையும் நல்ல சாப்பாடு, மாலையில் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இங்கிலீஷ் படிக்கலாம், இரண்டு வருஷத்தில் ஆளே மாறிவிடுவாள். திருவிழாவின் கடைசி நாளுக்கு முந்தின நாள் அவர்கள் கொழும்புக்குத் திரும்புகிறார்கள், வேன் நம் ரோட்டு வழியாகத்தான் போகும். மாமா இதையெல்லாம் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் பொய்யில்லை. அவரும் பன்னிரண்டு வயதில் கொழும்பில் ஒரு கடைக்கு அனுப்பப்பட்டவர்தான். அங்கே வாங்கிய அடியைக்கூட, அடி வாங்கித்தானே ஆளானேன் என்று பெருமையாகச் சொல்வார். எனக்கு அக்கா மேல் ஒரே பொறாமை. என்னையும் அனுப்பச் சொல்லி அம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கைப் பிடித்து இழுத்தது நினைவிருக்கிறது.

அம்மா பார்ப்போம் என்றாள். அப்பாவிடம் கேட்டாள். ஒன் தம்பி, ஒன் இஷ்டம் என்றார் அப்பா.

லயத்தில் ஒரு வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் கேட்கும். செய்தி கோயில் கொட்டகைக்கும் போயிருக்க வேண்டும். மறுநாள் காலையில் அரக்கன் எங்கள் லயத்துக்கு வந்தார். முகமெல்லாம் கரி, வாயைச் சுற்றிச் சிவப்பு, இடுப்பில் நாய்ச்சங்கிலி. ஒவ்வொரு வாசலிலும் சங்கிலியைக் குலுக்கி, "பொண்ணக் குடு" என்று உறுமினார். சாம்பல் பறந்தது, கதவுகள் சாத்தப்பட்டன, பிள்ளைகள் உள்ளே நின்று கீச்சிட்டோம். எங்கள் வாசல் திண்ணைக்கு, இஸ்தோப்புக்கு வந்ததும் சங்கிலியைக் கையில் பிடித்து நிறுத்திக்கொண்டார். அம்மா சிரட்டையோடு நின்றாள். அவர் குரலைத் தாழ்த்தி, "புள்ளயக் குடுத்துராத" என்றார்.

பக்கத்துக் காம்பராப் பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இந்த வருஷம் அரக்கனுக்குப் புத்தி வந்துவிட்டது, பெண் வேண்டாம் என்கிறான் என்று ஒருத்தி சொல்ல, அது அன்று முழுவதும் கொழுந்து மலையில் பேசிச் சிரிக்கும் கதையாகிவிட்டது. அம்மாவின் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சாம்பலை வீசினாள், சொல்ல வேண்டியதைச் சொன்னாள், கதவைச் சாத்தினாள். சாத்திய கதவின் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் சாம்பல் விழுந்துவிட்டது என்று நினைத்து நான் ஊதிவிடப் போனேன்.

பெரியப்பா சும்மா இருக்கவில்லை. தோட்டத் தலைவரிடம் போய்ப் பேசப் பார்த்திருக்கிறார். தலைவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சிரித்தாராம். கோயிலில் பூசாரியிடம் போனபோது அவர் வேப்பிலையால் அடித்து விரட்டினாராம். அதுவும் முறைதான், யாரும் தவறு செய்யவில்லை. ஒரு மத்தியானம் எங்கள் வீட்டின் பின்பக்கம் வந்து, உள்காம்பரா ஜன்னலுக்கு வெளியே நின்று "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டார். நான் கட்டிலுக்குக் கீழே ஒளிந்துகொண்டேன். அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். வெளியே கொஞ்ச நேரம் சங்கிலிச் சத்தம் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

அன்று மாலை ராசா வந்தார். அம்மா தட்டில் கற்பூரம் ஏற்றி வைத்துக் காத்திருந்தாள். இன்னும் பார்ப்போம் என்றே சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். ஒரு பிள்ளை போனால் ஒரு கை குறையும் என்றும், திருவிழா முடியட்டும் என்றும் ஏதேதோ சாக்குச் சொல்லி நாளைக் கடத்திக்கொண்டிருந்தாள். தப்புச் சத்தம் நின்றது. கிரீடத்தோடு மாமா எங்கள் வாசலில் நின்று சிரித்தார்.

"அக்கா, தம்பியா கேட்டா நீங்க பாப்போம் பாப்போம்ங்கிறீங்க. இன்னிக்கு ராசாவாக் கேக்குறேன். புள்ளய என்னோட அனுப்பி வைங்க. நல்லா இருப்பா."

லயமே கைதட்டியது. எவ்வளவு சாமர்த்தியமாகக் கேட்டார் என்று மெச்சிக்கொண்டார்கள். அம்மா தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கற்பூரம் எரிந்து முடிவதற்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். சரிங்க ராசா என்றாள். மாமாவின் கண்கள் கலங்கியிருந்தன. ஒரு குடும்பத்தைக் கரையேற்றிவிட்டோம் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடத்தில்தான் கோபம் வந்து, கோபப்பட ஆளில்லாமல் திரும்பிப் போகிறது.

வேன் வந்த நாள் தோட்டத்தில் வேலை இல்லை. வழியனுப்ப எல்லாரும் பெரிய ரோட்டு வளைவுக்கு இறங்கி வந்திருந்தார்கள். மாமா வாங்கித் தந்த ரோஸ் கவுனில் அக்கா வேறு யாரோ போல இருந்தாள். அம்மா அவள் பின்னலை அவிழ்த்துப் பின்னினாள், சரியில்லை என்று மறுபடியும் அவிழ்த்துப் பின்னினாள். வேன் நின்றதும் மாமா பையை வாங்கிப் பின்னால் வைத்தார். முன் ஸீட்டில் இருந்த அந்த வீட்டு எஜமானி, நோனா என்பார்கள், கண்ணாடியை இறக்கி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்பு. மல்லிகைப் பூ மாதிரி ஏதோ சென்ட் வாசம் வந்தது. அக்கா ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

அப்போதுதான் பெரியப்பா வந்தார். பாதையில் வரவில்லை, தேயிலைக்குள்ளே குறுக்கே விழுந்து ஓடி வந்தார். கரியும் சிவப்பும் வியர்வையில் கரைந்து நெஞ்சில் வழிந்திருந்தது. ராசா நிற்கிற இடத்துக்கு அரக்கன் வருகிறான் என்று பையன்களுக்கு ஒரே குஷி; தப்பை எடுத்து அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் ஏதோ கத்தினார். பெண்கள் எல்லாரும் ஒரே குரலில், "ராசா வருவாரு, ஒன்னயக் கொல்லுவாரு" என்றார்கள். அவர் கையெடுத்துக் கும்பிட்டு மறுபடியும் வாயைத் திறந்தார். மறுபடியும் அதையே, முன்னைவிடச் சத்தமாகச் சொன்னார்கள். நானும் சொன்னேன். சாம்பல் இல்லாததால் பையன்கள் ரோட்டு மண்ணை அள்ளி வீசினார்கள். இத்தனைக்கும் யாருக்கும் அவர்மேல் ஒரு துளி வெறுப்புக் கிடையாது. திருவிழா நன்றாக நடக்கிறது என்ற சந்தோஷம்தான் எல்லார் முகத்திலும்.

அவர் இடுப்பிலிருந்து கவ்வாத்துக் கத்தியை எடுத்தார். வலது கை மணிக்கட்டில் கட்டியிருந்த காப்புக் கயிற்றுக்குக் கீழே கத்தியைக் கொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தார். தப்புச் சத்தம் நின்றது.

"இப்ப நான் பேசுறேன். அரக்கன் இல்ல, நான். எங்க தங்கச்சியயும் இப்பிடித்தான் கவுனு போட்டு ஏத்தி அனுப்பினோம். பொணங்கூட வீட்டுக்கு வரல. ஆத்தாவ எறக்கிருங்க."

அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்தாள் என்பதை அன்றுதான் நான் முதல் தடவையாகக் கேட்டேன். கேட்டேன் என்று சொல்வதும் பொய்தான், காதில் விழுந்தது. எல்லாரையும் போல நானும் மண்ணில் கிடந்த மஞ்சள் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காப்புக் கட்டினவர் நடுவில் அறுத்தால் தோட்டத்துக்கே ஆகாது. அம்மன் பொறுக்க மாட்டாள், பிள்ளைகுட்டிக்கு நோய் வரும், மலை சரியும். ஒரு கிழவி நெஞ்சில் அடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். தலைவரும் நாலைந்து பேரும் பாய்ந்து அவரைக் கீழே தள்ளினார்கள். கத்தி எங்கோ போய் விழுந்தது. நோனாவுக்கு என்ன தெரியும்? கரி பூசின ஒருவன் கத்தியோடு வேனுக்கு முன்னால் வந்து விழுகிறான். கண்ணாடியை மளமளவென்று ஏற்றி, "யமு, யமு" என்று சிங்களத்தில் டிரைவரை அவசரப்படுத்தினாள். பிள்ளை பயந்துவிடப் போகிறாள் என்று மாமா வேன் கதவைத் தள்ளிச் சாத்தினார். வேன் வளைவைத் தாண்டிப் போனது. அம்மா அதன் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நின்றாள். அவள் எதற்காக ஓடினாள் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் பெரியப்பாவை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். வேறு ஒருவர் முகத்தில் அவசரமாகக் கரியைப் பூசி, புதுக் கயிறு கட்டிக் கூத்தை ஒப்பேற்றினார்கள். விடியற்காலையில் மாமா அந்த அரக்கனைக் கொன்றார். அழுதுகொண்டே கொன்றார். இவ்வளவு உருக்கமாக ராசா வேஷம் ஆடி யாரும் பார்த்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

பெரியப்பாவைக் கோயிலுக்குள் வரக் கூடாது என்றார்கள். நல்லது கெட்டதுக்கு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் தொட்ட குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டியிருந்தால் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பிடித்தார்கள். அந்த வருஷம் மலையில் குளவி கொட்டி ஒரு பெண் இறந்துபோனாள். எல்லா வருஷமும்தான் குளவி கொட்டும், ஆனால் அந்த வருஷத்துக் குளவியை அவர்தான் அனுப்பினார். மழையில் மேட்டு லயத்துக்குப் பின்னால் மண் சரிந்தது, அதுவும் அவரால்தான். அவர் வழியில் வந்தால் நாங்கள் பிள்ளைகள் ஓடி ஒளிந்தோம். கொய்யாக்காயைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போவார். எடுக்க ஆசையாக இருக்கும், எடுக்க மாட்டேன்.

மாமா எப்போதாவது அந்த வீட்டுக்குப் போகும்போது தன் போனில் கூப்பிட்டு அக்காவைப் பேச வைப்பார். நல்லா இருக்கேன் என்பாள், சாப்பிட்டீங்களா என்பாள், அதோடு வைத்துவிடுவாள். இங்கிலீஷில் ஏதாவது சொல்லச் சொல்லி நான் கெஞ்சுவேன். பிறகு சொல்கிறேன் என்பாள். எனக்கு அவள் மேல் கோபம் கோபமாக வரும். கொழும்புக்குப் போனதும் தலைக்கனம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒன்றரை வருஷம் கழித்து மாமாவே அவளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். வலது கையைத் துப்பட்டாவுக்குள் சுற்றி வைத்திருந்தாள். அம்மா துணியை விலக்கினாள். சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்திய கை. ஆறிப்போயிருந்தது, ஆனால் பெருவிரலும் அடுத்த விரலும் தோல் இழுத்து ஒட்டிப்போய் மடங்கவில்லை. அந்தக் கையால் இனி ஒரு கொழுந்துகூடக் கிள்ள முடியாது என்பது அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் பார்த்தவுடன் தெரிந்தது. அக்கா இன்றுவரை அந்த வீட்டைப் பற்றி முழுதாக எதுவும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அந்த நோனாவின் சிரிப்பும் சென்ட் வாசமும் மட்டும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மாமா இஸ்தோப்பில் உட்கார்ந்து தலையிலும் மார்பிலும் அடித்துக்கொண்டு அழுதார். நல்லதென்று நினைத்துத்தானே செய்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். லயத்துச் சனம் முழுவதும் அவரைச் சுற்றி நின்று தேற்றியது. ஒருத்தி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். நீங்கள் என்ன செய்வீர்கள், வண்டி ஏறுகிற நேரத்தில் காப்பை அறுத்தவன் ஒருத்தன் இருக்கும்போது எப்படி உருப்படும் என்று தலைவர் சொன்னார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். எனக்கும் அது மிகவும் நியாயமாகப் பட்டது. கதை அப்படித்தானே போகும், கெட்டது நடந்தால் கெட்டவன்தானே காரணம். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே அப்பா கம்பை எடுக்கும் சத்தம் கேட்டது, ஆனால் வெளியே வரவில்லை. பிணமாகக்கூட வராத அந்த அத்தை அவருக்கும் தங்கைதானே, அன்றைக்குப் பெரியப்பா ஜன்னலில் கூப்பிட்டபோது ஏன் கண்ணை மூடிக்கொண்டார் என்று கேட்கிற வயது எனக்கு வந்தபோது கேட்பதற்கு அவர் இருக்கவில்லை.

மறுநாள் காலையில் அம்மாவும் மற்றவர்களும் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்குப் புறப்படும் நேரம். அக்கா ஒருவரிடமும் சொல்லாமல் எழுந்து பணிய லயத்துக்கு இறங்கிப் போனாள். தன் கையைக் கெடுத்தவரிடம் சண்டை பிடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்துப் பின்னாலேயே போனேன்.

பெரியப்பா விறகு பிளந்துகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கோடாரியைக் கீழே போட்டுவிட்டுப் பின்னுக்கு நகர்ந்தார். அவ்வளவு பெரிய மனிதர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"கிட்ட வராத ஆத்தா. நாந்தான் காப்ப அறுத்தேன். அதுனாலதான் ஒனக்கு இப்பிடி ஆச்சு."

அதைச் சொல்லும்போது அவர் அவள் கையைப் பார்க்கவில்லை. தோட்டம் முழுவதும் சொன்னதை அவரும் நம்பியிருந்தார். அக்கா அவருடைய இஸ்தோப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

"கண்ணாடி ஏத்தியிருந்துச்சு பெரியப்பா. அப்பயும் நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு. அங்க படுக்கப் போறப்பல்லாம் அதத்தான் நெனச்சுக்குவேன். வேணாம்னு சொல்ல எனக்கு ஒரு ஆளு இருந்துச்சுன்னு."

பெரியப்பா அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். அந்த மலைக்கும் இந்த மலைக்கும் கேட்கிற குரல் அவருக்கு, ஆனால் அன்று அழுதது பக்கத்துக் காம்பராவுக்குக்கூடக் கேட்டிருக்காது. அக்கா எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, மடங்காத அந்தக் கையை அவர் தலையில் வைத்தாள்.

நான் வீட்டுக்கு ஓடினேன். அரக்கன் அழுகிறான் என்பது எவ்வளவு பெரிய செய்தி! அம்மா கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கிக்கொண்டிருந்தாள். அக்கா பெரியப்பாவை அழ வைத்துவிட்டாள், அவர் மண்ணில் உட்கார்ந்து அழுகிறார் என்று மூச்சிரைக்கச் சொன்னேன். அம்மா என்னையே பார்த்தாள். பிறகு கூடையைக் கழற்றி இஸ்தோப்பில் வைத்தாள். பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கீழேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வேன் போன நாளிலிருந்து எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரும் கால் வைக்காத பணிய லயத்துப் பாதையில், எல்லாரும் பார்க்க, விறுவிறுவென்று இறங்கினாள். அம்மாவும் சேர்ந்துகொண்டால் அரக்கன் தொலைந்தான் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பார்ப்பதற்கு நல்ல இடம் கிடைக்க வேண்டுமே என்று அவளையும் முந்திக்கொண்டு ஓடினேன்.